கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாதாம்

ஜனவரி 11, ஞாயிறு

புலாவ் செபாங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். தேவமலர் அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். "என்னா ராணி, சீக்கா? மூஞ்சியெல்லாம் தொங்கிப் போச்சே!"

சீக்கு இல்லை. இருந்த சீக்குதான் போச்சு. இனிப்பு நீர் ஏறி டாக்டர் பயமுறுத்தியதிலிருந்து ராத்திரி சோற்றை விட்டேன், தேத்தண்ணியில் சீனியை விட்டேன், பாடாங் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இப்போ எல்லாம் இறங்கிவிட்டது. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கைதட்டாத குறை. உடம்பு இளைத்தது, தோலுக்குத்தான் இளைக்கத் தெரியவில்லை. அது பாட்டுக்குக் கன்னத்துக்குக் கீழே தொங்குது. அதுக்கு நான் என்ன செய்ய?

குண்டாக இருந்து, உள்ளுக்குள்ளே சர்க்கரை ஏறிக்கிட்டிருந்தப்போ, "நல்லா இருக்கியே"ன்னு சொன்னதும் இதே வாய்தான்.

ஜனவரி 14, புதன்

போஸ்ட் ஆபீஸ் வரிசையில் என்னை முன்னாடி விட்டார்கள். பாவமாம்!

ஜனவரி 17, சனி

ஆபீஸ் நளினி மலாக்காவில் ஒரு தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ரேடியோ அலையால் தோலுக்கு அடியில் சூடு கொடுப்பார்களாம், தொங்கினது கொஞ்சம் இறுகுமாம். எனக்கு ஒரே பயம். ஒட்டுப் பொட்டு வைத்தாலே நெற்றி சிவக்கும், சோப்பு மாற்றினால் அரிக்கும். என் மாமியாரைவிட என் தோலுக்கு ரோஷம் அதிகம்.

சீன டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். இந்த மாதிரித் தோலுக்குக் குறைந்த சூட்டில், தாடைக்குக் கீழே சின்ன இடத்தில் முதலில் செய்து பார்க்க வேண்டும். சிவந்தது ஆறவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒரே தடவையில் குமரியாகி விட மாட்டேன் என்றும் சொன்னார். பொய் சொல்லாததால் பிடித்துப்போனது.

கடைசியில் ஒன்று சொன்னார். கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம். "அந்தச் செயினைக் கழட்டிட்டு வாங்க."

செயினாம். அது தாலி, டாக்டர்!

ஜனவரி 18, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

"தாலியக் கழட்டுவியா? நான் செத்தா போயிட்டேன்?" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கொஞ்ச நேரம்தான், திரும்பப் போட்டுக்குவேன் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. மனுஷன் புவனேஸ்வரன் என்று பேர் வைத்துக்கொண்டு, சாமி கும்பிடுவதுகூட வருஷத்துக்கு ஒரு தடவை. இதுக்கு மட்டும் பக்தி பொத்துக்கிட்டு வருது!

சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தைதான் வழி சொன்னார். தங்கம்தானே கூடாது? மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போ. ஆத்திர அவசரத்துக்கு எல்லாரும் செய்கிறதுதான். மாமியார் என் பக்கம்! இதை எழுதி வைக்காமல் எப்படி?

ஜனவரி 24, சனி

ஐயோ கடவுளே.

அத்தை ஆசையாக நேற்றே பச்சை மஞ்சளை அரைத்துக் கயிற்றில் பூசிக் கட்டிவிட்டார். கழுத்து முழுக்க வெந்த இறால் மாதிரி சிவந்து கிடக்கிறது. டாக்டரம்மா பார்த்ததும் தலையை ஆட்டினார். இந்தத் தோலைத் தொட முடியாது, ஆறட்டும், ஒரு மாசம் கழித்து வாங்க.

மெஷின் இன்னும் என்னைத் தொடவே இல்லை! தொட்டது மஞ்சள். அத்தை முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரலை. வீட்டுக்காரரோ, "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்கிறார். என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை, கத்தினார்.

தாலியை மறுபடி போட்டுக்கொண்டேன். ரவிக்கைக்கு மேலே விட்டிருக்கிறேன், முடிந்தவரை தோலில் படாமல்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். கோயிலில் இவருடைய பெரியப்பா மகன் வசந்தன், லூபோக் சீனா ஊரிலிருந்து வந்தவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இவரைத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். காதில் விழாதென்று நினைப்பு. "நல்ல எடத்துல காட்டு தம்பி. மனச தெடப்படுத்திக்க."

இவர் தலையாட்டினார். இல்லவே இல்லை, அவள் நல்லா இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை! அதுகூடச் சொல்லாமல் தலையாட்டினார்!

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். ஊர்தான் அப்படி நினைக்குதுன்னா நீங்களுமா? எத்தனை தடவை சொல்றேன், எனக்கு ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு? ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். சிவப்பு விளக்கில் நிறுத்தியதும், "ஜெயமணி அக்காவும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்றார்.

அவருடைய அக்கா. இப்படித்தான் இளைத்துக்கொண்டே வந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தவர்.

அப்போ அந்தக் கத்தல் தாலிக்காக இல்லையா? பயமா? பயந்தா பயமா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே! எனக்குக் கோபமும் அழுகையும் ஒண்ணா வருது. ஊரிலேயே நான் செத்துப்போவேன்னு நிஜமாகவே நம்புகிற ஆள் என் பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கு.

பிப்ரவரி 2, திங்கள்

அடுத்த தடவை அவரையும் இழுத்துக்கொண்டு போகிறேன். டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

பிப்ரவரி 28, சனி

கழுத்து நன்றாக ஆறிவிட்டது. போனோம்.

டாக்டரம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எனக்கு முன்னால் இவர் பதில் சொல்கிறார். பிறகு என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தானே நீட்டி, "டாக்டர், நெஜமாவே வேற ஒண்ணும் இல்லையா?" என்றார். டாக்டரம்மா அதை நிதானமாகப் படித்தார். சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது, இளைத்ததும் அதனால்தான், வேறு எதுவும் தெரியவில்லை என்றார். இவர் மறுபடியும் கேட்டார். டாக்டரம்மா மறுபடியும் சொன்னார். நான் சொன்னா ஏறாது, அவங்க சொன்னா ஏறுது!

தாலியைக் கழற்றி இவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே ஒன்றும் பிரமாதமில்லை. சூடான கரண்டியைத் துணி வைத்துத் தொட்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் சிவந்தது, உட்கார்ந்திருக்கும்போதே அடங்கிவிட்டது.

வெளியே வந்தால் மனுஷன் என் தாலியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டீ சட்டைக்கு மேலே, பளபளன்னு! பக்கத்தில் இரண்டு மலாய்க்காரம்மாக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னாங்க இது, மானம் போகுது!"

"பாக்கெட்டுல வச்சா வுழுந்துரும்லா."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

காரில் அவரே எனக்குப் போட்டுவிட்டார். கொக்கி மாட்டத் தெரியாமல் முடியையெல்லாம் பிய்த்தார்.

மார்ச் 8, ஞாயிறு

பாசாரில் தேவமலர் அக்கா. "இன்னும் தேறலியே ராணி?" நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாருக்கா." மீன்காரன்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

கன்னம் அப்படியேதான் தொங்குகிறது. சரி, இது போதும், விட்டுவிடலாம் என்று வீட்டுக்கு வந்து சொன்னால், அடுத்த தடவைக்கு இவர் ஏற்கெனவே கிளினிக்குக்குப் போன் போட்டு நாள் வாங்கிவிட்டாராம். என்னைக் கேட்கவே இல்லை.

"கயிறு கியிறெல்லாம் வேணாம். எங்கிட்டயே குடுத்துரு" என்கிறார்.