பெண்கள் கேட்ட தாழ்ப்பாள்

அம்மாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? அப்பா மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாரா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஆபீசில் ஒரு சின்னச் சண்டை. பயப்படாதே. ஆலைத் தொழிலாளர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் முதலாளிக்கு எழுதிய மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராய்வதுதானே என் வேலை? அதில் நானூறு மனுக்களை, எழுத்துப்பிழை அதிகம் என்று கம்ப்யூட்டர் ஒதுக்கிவிட்டது. எல்லாம் பெண்கள் எழுதியவை. இந்த ஆராய்ச்சியை நடத்தும் எங்கள் பேராசிரியரோ, ‘பெண்கள் எதையும் கேட்கவில்லை’ என்று கட்டுரையை முடித்துவிட்டார்.

“கேட்டிருக்காங்க சார். நாமதான் படிக்கல” என்றேன்.

“அது வெறும் குப்பைம்மா, விடு.”

“நமக்குப் படிக்கத் தெரியலேன்னு சொல்லுங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அந்த வரி இருந்தா கட்டுரையிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் உட்கார்ந்து நானூறையும் நானே படித்துத் தட்டச்சு செய்தேன். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கால்மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். பேராசிரியர் படித்தார், அந்த வரியை அடித்தார். என் அடுத்த வருஷ வேலையைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. போனால் போகட்டும், தலையா போய்விடும்?

ஊதா ஸ்வெட்டரை அனுப்பு. இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் ரொம்ப நீளம். கூடவே நாலு பக்கம் கடிதமும் வை. பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். கடிதத்தை அண்ணனிடம் கொடுத்துப் பிழை திருத்தச் சொல்லாதே அம்மா. நீ எப்படி எழுதினாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் மகள்