புளூம் கிழவரின் பிஸ்கற் தகரம்

லாங்கன்தால்,
16.03.1997

என் செல்ல மகள் சிவகலாவுக்கு,

இங்குள்ள முதியோர் இல்லத்தின் நாற்பத்திரண்டு கழிவறைகளையும் ஒரேயொரு தும்புத்தடியால் கட்டியாளும் உன் குஞ்சியப்பா எழுதுவது. நான் நல்ல சுகம். குளிரில் மூக்கு மட்டும் இரண்டு முறை கழன்று விழுந்தது, பொறுக்கிப் பூட்டிக்கொண்டேன்.

உன் கடிதம் கிடைத்தது. இது நாலாவது இடப்பெயர்வு, இனித் தூக்கித் திரிய ஏலாது, தவச்செல்வனின் கடிதங்களை அடுப்பில் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கணவனைப் பற்றி ஒன்றரை வருடமாக ஒரு சேதியும் இல்லாதவளுக்குப் புத்தி சொல்ல நான் யார்? ஒரு கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு அடுப்பை மூட்டு.

இங்கே பதினேழாம் அறையில் புளூம் என்றொரு யூதக் கிழவர். எண்பத்தொரு வயது. ஹிட்லரின் வதைமுகாமிலிருந்து தப்பியவர். அவருடைய பிஸ்கற் தகரத்தை யாராவது தொட்டால் போடுகிற சத்தத்தில் அல்ப்ஸ் மலையே சரியும். போன மாதம் தரை துடைக்கும்போது அதை நான் தட்டி விழுத்திவிட்டேன். உள்ளே இருந்த காகிதமெல்லாம் பறந்தது. ஒன்றில் என் கால் பட்டுவிட்டது. பழக்கதோஷம், குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினேன்.

கிழவர் சத்தமே போடவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். எழுத்தில் கால் பட்டால் மன்னிப்புக் கேட்பது எங்கடை வழக்கம் என்று, உலகிலேயே மிகப் பிழையான ஜெர்மனில் சொன்னேன். மனுசன் என்னைக் கட்டிலில் இருத்தி எல்லாவற்றையும் காட்டினார். மனைவி கடைசியாகப் பென்சிலால் எழுதிய தபாலட்டையை முகாமில் சப்பாத்துக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். அதில் காவியம் ஒன்றுமில்லை. கம்பளிக் காலுறையைத் தொலைத்துவிடாதே என்று ஏச்சு, அவ்வளவுதான். ஐம்பது வருடமாக அந்த ஏச்சைத்தான் காத்து வைத்திருக்கிறார். தவச்செல்வனும் உனக்குக் கோழிக்கூட்டைப் பூட்டு என்றுதான் எழுதியிருப்பான்.

இப்போது அந்தத் தகரத்தைத் தூசு தட்டும் உரிமை பூலோகத்தில் எனக்கு மட்டுமே. உன் கதையைச் சொன்னேன். மறுநாள் போனால், தன் காகிதங்களை ஒரு பக்கமாக அடுக்கி, பாதித் தகரத்தை உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.

உங்கள் பக்கத்துத் தேவாலயத்து மரியதாஸ் சுவாமியார் சித்திரையில் கொழும்புக்குப் போகிறார். கடிதங்களை அவரிடம் கொடு, எனக்கு அனுப்பிவைப்பார். கிழவருக்கு ஒரேயொரு நிபந்தனை: தொண்ணூறு வயதுவரைதான் காவல் இருப்பாராம், அதற்குள் நீங்கள் இருவரும் வந்து எடுத்துப்போக வேண்டுமாம். இருவரும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மகள்.

அடுப்பில் சோற்றை மட்டும் வை. நல்லூரான் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன்
குஞ்சியப்பா இராஜசிங்கம்