கன்னத்தில் வைத்துப் பார்த்த கல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் பிள்ளைகளும் பட்டறையில் இருப்பவர்களும் சுகம்தானே?

எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை. தனியாகச் சாணைக்கல் பட்டறை போட்டேன் அல்லவா, மண்கலவையைக் கல்லாக வார்த்து இரண்டு சூளை சுட்டாயிற்று. இரண்டிலும் கற்கள் உள்ளேயே வெடித்துவிட்டன. மூன்றாவதும் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அண்ணனுடைய கலவை அளவைச் சொல்வீர்களா? அது வீட்டைத் தாண்டக் கூடாது என்று அவர் உயிரோடு இருந்தவரை என்னிடம்கூடச் சொல்லாமல் கண்டிப்பாக இருந்தது தெரியும். முடியாது என்று எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கோபித்துக்கொள்ள மாட்டாராம்! சொல்லாமல் கொள்ளாமல் தனிப் பட்டறை போட்டவர்மேல் கோபப்பட வேண்டியவள் நான். பட்டேன், ஆறியும் விட்டது.

நாம் தொழில் தொடங்கிய வருஷம் நினைவிருக்கிறதா? உங்கள் அண்ணன் அவசரத்தில் சூளைக்குப் போகாத பச்சைக் கற்களைப் பெட்டியில் அடுக்கிக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். தண்ணீர் பட்டதும் எல்லாம் சேறு. ஒரு முடிதிருத்துபவர் அதைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, "இத மொகத்துல பூசிக்கவா, கத்தி தீட்டவா?" என்று கேட்டார். அண்ணன் வெட்கத்தில் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள்தான் நல்ல கற்களை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், திட்டு வாங்கி, எல்லோருடைய கத்தியையும் தீட்டிக் கொடுத்தீர்கள். இன்றைக்கும் அவர்கள் நம்மிடம்தான் வாங்குகிறார்கள். நான் சாப்பிடும் சோற்றில் உங்கள் கை இருக்கிறது தம்பி. உங்களிடம் மறைத்து எதைக் காப்பாற்றப் போகிறேன்?

கலவையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஆனால் வெடிப்பதற்குக் காரணம் கலவை இல்லை, ஈரம். நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். கல்லைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. இது என் கண்டுபிடிப்பு. உங்கள் அண்ணன் தன்னுடையது என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தார், பாவம்.

அண்ணி

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்றுச் சூளையைத் திறந்தோம். தட்டினால் கணீரென்று சத்தம். நான் அழுதுவிட்டேன், வேலைக்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த சூளைக்கான கற்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, கன்னமெல்லாம் சாம்பல் நிறப் பொடியோடு நின்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. முதல் கல்லை அனுப்பியிருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

உங்கள் கொழுந்தன்

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

கல் வந்தது. வேண்டுமென்றே குறை தேடினேன், கிடைக்கவில்லை. கத்தரிக்கோலைத் தீட்டிப் பார்த்தேன். நம் கல்லைவிட வழவழப்பாக ஓடுகிறது. கொஞ்சம் வயிறு எரிந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

அப்போது நம் பழைய வாடிக்கையாளர், கத்திக் கம்பெனிக்காரர், பக்கத்தில் இருந்தார். எடுத்து உரசிப் பார்த்துவிட்டு, "இனிமே எனக்கு இதுதான் வேணும். யாரு செஞ்சது?" என்றார்.

"எங்க கொழுந்தனாரு" என்று சொல்லி உங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வருவார். உட்காரவைத்து மரியாதையாகப் பேசுங்கள். விலையை மட்டும் குறைத்துவிடாதீர்கள், அப்புறம் இருக்கிறது உங்களுக்கு.

அண்ணி