ஒற்றை முடிச்சு

வற்றாச் சுனைகளுக்கும் வான்தொடும் குன்றுகளுக்கும் காவலராய் வீற்றிருக்கும் வேங்கைமலை வேள் செங்குன்றனார் திருமுன், பொழில்நாட்டு மாமன்னர் ஆணைப்படி அமைச்சன் வேளாதித்தன் பணிந்து எழுதும் ஓலை. தங்கள் மலையில் மழை தவறாதிருக்க. தங்கள் குடி நலமா என்று கேட்பது முறை. இன்று கேட்க எமக்கு வாய் வரவில்லை.

தங்கள் திருமகள் எயினியார் இறந்துபட்டார்.

நஞ்சுள்ளது எது, இல்லாதது எது எனக் குடிகள் அறிந்து பிழைக்கும்பொருட்டு, எம் காடுகளின் தவளை, பல்லி, பாம்பு யாவற்றையும் பிடித்து ஓவியமாக்கும் பணியை அவருக்கும் அவர் கணவன் வெண்கொற்றனுக்கும் மன்னர் அளித்திருந்தார். அவன் பிடிப்பான், அவர் வரைவார். முழங்கால் சேற்றில் நின்றபடி, தவளை கத்தும் புதர் எதுவென்றுகூடத் தெரியவில்லையா என்று கணவனைக் கேலி செய்வார். நஞ்சுள்ள பாம்பின் பைக்கு இரட்டை முடிச்சு, நஞ்சற்றதற்கு ஒற்றை என்பது அவர்கள் வழக்கம்.

கார்காலத்து அந்தியொன்றில், சேறப்பிய உடலில் வெண்பட்டைகளை மட்டும் கண்டு, நஞ்சில்லா வெள்ளிக்கோல் வரையன் என்றெண்ணி வெண்கொற்றன் ஒற்றை முடிச்சிட்டான். அது கட்டுவிரியன். முடிச்சை நம்பி எயினியார் வெறுங்கையால் எடுத்தார். கடித்தது, வலிக்கவில்லை. எறும்புக்கடிக்கும் ஈடாகாது என்று சிரித்து, சேற்றைக் கழுவிவிட்டு வரையத் தொடங்கினார். கட்டுவிரியனுக்கே உரிய பெருஞ்செதில் வரிசையை முதுகின் நடுவே தம் கையே வரைந்திருப்பதை அவர்தான் முதலில் கண்டார். தூரிகை அங்கேயே நின்றது.

மகளின் சாவுக்குக் காரணமானவன் உயிரைத் தந்தை கேட்பது தங்கள் மலைவழக்கு. அதை நினைத்தே, நா தடித்துப்போகுமுன், செய்தி கேட்டு விரைந்து சென்ற எம்மிடம் அவர் சொன்னார்: “முடிச்சு இரட்டையாகத்தான் இருந்தது, என் கைதான் பொறுக்கவில்லை என்று எந்தைக்கு எழுதுங்கள்.”

அவ்வாறே எழுதத் தொடங்கினோம். வெண்கொற்றன் எம் கையைப் பற்றிக்கொண்டான். அவள் எதையும் உள்ளபடியே வரைந்தாள், அவள் சாவை மட்டும் மாற்றி எழுதாதீர்கள் என்று தேம்பித் தேம்பி அழுதான். ஆகவே உள்ளபடியே எழுதினோம். வால் முற்றுப்பெறாத அவ்வோவியத்தையும் இத்துடன் விடுத்தோம்.

கொன்றைப்பூ இலச்சினை இட்டோம். ஓலைக்கயிற்றை இரட்டை முடிச்சிட்டுக் கட்டியவன் வெண்கொற்றன். யாம் தடுத்தும் கேளாமல், இதைச் சுமந்துவந்து இப்போது தங்கள்முன் நிற்பவனும் அவனே. தங்கள் வழக்கில் குறுக்கிட எம் மன்னருக்கு உரிமையில்லை. ஒன்றை மட்டும் இரந்து கேட்கிறார். அவன் வழியெல்லாம் உண்ணாமல் வந்திருப்பான். தீர்ப்பு எதுவாயினும், முதலில் அவனுக்குச் சோறிடச் சொல்லுங்கள்.