போனில் இடமில்லை

இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாக செல்போனைத்தான் எடுத்துப் பார்த்தேன். திரையின் மூலையில் அந்தக் குட்டிக் கடித உறை இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் உன்னை விட்டுவிட்டு வந்த மாலையில்தான் முதலில் கவனித்தேன். புதுச் செய்தி ஒன்று காத்திருக்கிறது, உள்ளே வர இடமில்லை என்று அதற்கு அர்த்தம். மற்றவர்கள் அனுப்புவதை எல்லாம் படித்ததும் அழித்துவிடுவேன். உள்ளே நிரம்பியிருப்பது முழுக்க நீ அனுப்பியது.

திருவொற்றியூர் கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ், நீ டெலிபோன் ஆபரேட்டர். எது புதிதாக வந்தாலும் உனக்கு உடனே வேண்டும். சம்பளம் வந்ததும் என்னையும் பர்மா பஜாருக்கு இழுத்துப் போவாய். கூப்பிடுபவரின் நம்பரைக் காட்டும் பெட்டி, டிஜிட்டல் டைரி, பிறகு பேஜர். பேஜர் வாங்கிய புதிதில் உனக்குச் செய்தி அனுப்ப ஆளே இல்லை. நீயே பேஜர் ஆபீசுக்குப் போன் போட்டு, அங்கிருந்த பெண்ணிடம் "சாப்ட்டியா" என்று உனக்கே அனுப்பச் சொன்னாய். இடுப்பில் அது அதிர்ந்ததும் உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "தொட்டுப் பாக்காம வேணான்னு சொல்லாதம்மே" என்பாய்.

தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். லாரிக்காரர்களும் துறைமுக ஏஜெண்டுகளும் முகம் பார்க்காமலே சிரித்துப் பேசிய குரல் அது.

அப்போதும் நீ விடவில்லை. டாக்டரிடம் விசாரித்து ஒரு கருவி வரவழைத்தாய். டார்ச் லைட் போல இருக்கும். கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால் ரீங்காரமாய்ப் பேச்சு வரும். காலடிப்பேட்டைக்கு டிக்கெட் கேட்டபோது பின்சீட்டில் ஒருவன், "இன்னாபா, பஸ்ஸுல வண்டு பூந்துகிச்சா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. நீ நிதானமாகத் திரும்பி, கருவியைக் கழுத்தில் வைத்து, "வண்டு இல்ல நைனா, உங்க ஆயா" என்றாய். சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. ஆனால் இறங்கியதும் அதைப் பைக்குள் போட்டவள், பிறகு வெளியே எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கொன்று, எனக்கொன்று என்று செல்போன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்பாய். "தண்ணி லாரி வந்துகினு கீது, கொடத்த எட்தாந்து நில்லு." "நெத்திலி கொழம்பு வெச்சிகீறேன், வூட்டாண்ட வா." எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போதும் நீ அடிப்பாய், என் போன் கூவும், படித்துவிட்டு நான் வாயால் பதில் சொல்வேன். படிக்கும்போது எனக்குக் கேட்டது அந்த ரீங்காரம் அல்ல, உன் பழைய குரல்.

ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் ஒன்று வந்தது. "ரொம்ப வலிக்குதுடி. போதும்." அதில் மட்டும் கேலி இல்லை.

நேற்று செல்போன் கடையில் விசாரித்தேன். ஏதாவது ஒன்றை அழித்தால் காத்திருப்பது உள்ளே வரும், அழிக்காமல் விட்டால் அது அதிக நாள் நிற்காது, தானாகவே போய்விடும் என்றார் கடைக்காரர். யார் அனுப்பியது என்று கேட்டேன்.

"வந்தாத்தான் தெரியும்க்கா. ரிங்டோன் விளம்பரமாக்கூட இருக்கும்."

நீ கடைசியாக அடித்ததாகவும் இருக்கலாம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு அழித்துவிடச் சொன்னாள் என் மகள். எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது நான் பேசியது போல இருக்கிறது. தண்ணி லாரியை அழிக்கப் போனேன். பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நெத்திலிக் குழம்பையும் முடியவில்லை. எல்லாம் மூடிய கடைகளும் காலிக் குடங்களும் மழை நாட்களுமாக, ஒன்றுக்கும் உதவாத செய்திகள். அவற்றில் ஒன்று குறைந்தாலும் நீ குறைந்துவிடுவாய் போலிருக்கிறது.

ஆபீசுக்குக் கிளம்பும் முன், வலிக்கிறது என்று நீ எழுதியதை அழித்துவிடப் போகிறேன். மகளிடமும் சொல்லவில்லை. அதைப் படிக்க எனக்குப் போன் தேவைப்படாது.