கண்டம் முடியும் இடத்துக்கு இரண்டு புள்ளி

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரிஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால், உம்மாவின் முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் சுகம். நோர்வேக் குளிரில் நீயும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். நேற்று நீ டெலிபோனில் "வாப்பா, பாஸ்!" என்றதும் உம்மா அழுதுவிட்டார், நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்று பரீட்சகர்கள் மூன்று மணி நேரம் குடைந்தும் உன் ஆய்வுக்கு நீ வரைந்த கடல்தரைப் படத்தில் ஒரு கோட்டைக்கூட அசைக்க முடியவில்லையாமே, கலாநிதி ரிஸ்லா! உம்மா வட்டிலப்பம் செய்து ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் அனுப்பினார். பக்கத்து வீட்டு எவ்லின் மிஸ், "சேர், உங்கட மகள் கடலுக்குள்ள அப்படி என்னத்தைக் கண்டுபிடிச்சவா, முத்தா?" என்று கேட்டார். அவரைக் காலி வீதியில் ரொட்டி போடும் நப்ரீஸிடம் கூட்டிப்போய், மாவை இரண்டு பக்கமும் இழுக்கச் சொன்னேன். பாருங்கள் மிஸ், இழுக்க இழுக்க நடு மெலிகிறது, பிறகு கிழிகிறது, கிழிந்த இடத்தில் அடியிலிருந்த எண்ணெய் தெரிகிறது. கண்டமும் இப்படித்தான் மெலிந்து கிழிந்தது, அடியிலிருந்து உருகி வந்த பாறை புதிய கடல்தரையானது, கிழிந்த விளிம்போ மெல்ல விலகி, ஆறித் தாழ்ந்து, ஆறுகள் கொண்டுவந்த மண்ணைப் போர்த்திக்கொண்டு அமைதியாகிவிட்டது, ஆகவே நமது நிலம் இந்தக் கடற்கரை ரயில் பாதையோடு முடியவில்லை, கடலுக்கடியிலும் போகிறது என்றேன். நப்ரீஸ், "பாடம் சரி சேர், கிழிஞ்ச ரொட்டிய யாரு திங்கிறது?" என்றான். நானே தின்றேன்.

மகள், நேற்றுக் கடைசியில் நீ "அந்த ரெண்டு புள்ளி எங்க வாப்பா?" என்று கேட்டபோது, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நான் உன் வகுப்புக்குப் புவியியல் படிப்பித்த பத்தாம் ஆண்டுத் தவணைப் பரீட்சையில், கண்டம் எங்கே முடிகிறது என்ற என் கேள்விக்கு வகுப்பே 'கரையில்' என்று எழுத, நீ மட்டும் 'கடலுக்கடியில், கண்டமேடைக்கு அப்பால் உள்ள சரிவில்' என்று எழுதினாய். அது சரியென்று எனக்கு அன்றே தெரியும். ஆனால் நான் எழுதிய புள்ளித் திட்டத்தில் விடை 'கரை' என்றிருந்தது. மகளுக்காக மாற்றினார் என்று ஆசிரியர் அறையில் கதைப்பார்களே என்று பயந்து, அந்த விடைக்குரிய இரண்டு புள்ளியையும் வெட்டினேன். ஒரு கிழமை முழுக்க நீ என்னோடு வராமல் வீதியின் மறுபக்கத்தால் பள்ளிக்கூடம் போனாய். அந்த விடைத்தாளை உம்மா இத்தனை வருடமும் குர்ஆன் அலுமாரியில் வைத்திருக்கிறார். இன்று ஜும்ஆ முடிந்து வந்து, சிவப்புப் பேனையால் என் பிழைக்குறியை வெட்டிச் சரி போட்டு, தொண்ணூற்றெட்டை நூறாக்கினேன். உம்மா, "இப்பவாவது மாஸ்டருக்கு வெளங்கிச்சே" என்றார்.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. காதை மூடாமல் வெளியே போகாதே. இத்துடன் வரும் விடைத்தாளைக் கவனமாக வை. நான் திருத்திய கடைசித் தாள் அது.

உன் வாப்பா,
ஹமீட்