பீரோ மேல் இருந்த மட்டை

மார்ச் 3, திங்கள்

பீரோ மேல் இருக்கும் அந்தப் பெட்டியை நான் தொட மாட்டேன். இன்றைய தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் மாற்றிப் பேச வேண்டாம்.

காலை ஆட்டம் முடிந்ததும் கிளப் செயலாளர் விசில் ஊதினார். ஆளுக்குப் பெயரே விசில்தான். தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட ஊதுவார். அடுத்த மாதம் கிளப்புகளுக்கு இடையே, டென்னிஸ் மாதிரி சின்ன மட்டையால் ஆடும் பிக்கிள்பால் போட்டி. அறுபது தாண்டிய பெண்கள் இரட்டையர் ஆட்டத்துக்கு நம் கிளப்பிலிருந்து ஒரு ஜோடி. ஒரு இடம் டீச்சருக்கு. அதில் யாருக்கும் பேச்சில்லை, அந்த அம்மாள் ஆட்டம் அப்படி. இன்னொரு இடத்துக்கு நானும் சம்பந்தியம்மாவும் பதினைந்தாம் தேதி ஆடிப் பார்க்க வேண்டுமாம். சம்பந்தியம்மா என்றால் என் மருமகளைப் பெற்றவர். நான் இங்கே ஆட வந்து மூன்று வருடம். அவர் போன மழைக்காலத்தில் வந்தவர். இதில் ஆடிப் பார்க்க என்ன இருக்கிறது? கேட்டேன்.

"ஃபேரா இருக்கணும்ல மேடம்" என்றார் விசில்.

ஃபேராம்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மகன் சிரிக்கிறான். "இப்பவாவது அந்த லைட் பேடிலை எடுங்கம்மா. முழங்கை வீங்கிக் கிடக்கு."

பிறந்தநாளுக்கு மட்டை வாங்கித் தந்தான். எனக்கு ஒன்று, அவன் மாமியாருக்கு ஒன்று. ஜவுளிக்கடையில் ஒரே நிறத்தில் இரண்டு புடவை எடுக்கிற மாதிரி, இரண்டும் ரோஸ். "லேடீஸுக்குன்னே பண்ணதும்மா" என்றான். அவர் அன்றைக்கே எடுத்து ஆட ஆரம்பித்துவிட்டார். நான் பீரோ மேல் ஏற்றிவிட்டேன். எங்கள் பட்டறையில் இவன் அப்பா மேஜை செய்வார், நான் மேலே மைக்கா ஒட்டுவேன். எட்டடி ஷீட்டைத் தனியாக நிமிர்த்திய கை இது. அப்போது யாரும் எனக்கு லேடீஸ் மைக்கா என்று தனியாகத் தரவில்லை.

என் கறுப்பு மட்டை போதும். கனம்தான். கனம் எனக்கு வேண்டும்.

மார்ச் 5, புதன்

பிடிக்குச் சுற்றும் டேப் வாங்கப் போனேன். கடைக்காரர் டேப்பைத் தவிர எல்லாவற்றையும் காட்டினார்.

"லேடீஸுக்கு இதுதாம்மா ஓடுது. வெயிட்டே தெரியாது."

"வெயிட் தெரியணும்யா. இல்லாட்டி கையில இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"பிடியப் பாருங்க, எவ்வளவு மெல்லிசு. உங்க கைக்கு..." என் கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிடித்துக் காட்டினேன். விரல் சுற்றி வந்து என் உள்ளங்கையையே குத்துகிறது. மெல்லிய பிடியை இறுக்கித்தான் பிடிக்க முடியும். இறுக்கினால் வலி முழங்கையில் ஏறும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வலித்துத் தெரிந்துகொண்டேன்.

"அப்ப ஜென்ட்ஸ் மாடல் எடுங்க."

"மட்டைக்கு ஏதுய்யா ஆம்பளை பொம்பளை? கைக்குத்தான் அளவு."

அவர் டேப்பை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் டேப். திருப்பிக் கொடுத்துக் கறுப்பு வாங்கினேன்.

மார்ச் 8, சனி

ஆடியதெல்லாம் ஜெயம். டீச்சரே திணறினார். பந்து மட்டையில் பட்டதும் தானாகப் பாய்கிறது. சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு 'டக்' என்று இருக்கும், இப்போது அடியிலிருந்து வருகிற மாதிரி. நல்ல சத்தம்தான்.

"கையில என்னமோ வந்து உக்காந்திருக்கு உங்களுக்கு" என்றார் டீச்சர்.

வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு பட்டை இருக்கும். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அதற்குப் பெயர் கிச்சன். சம்பந்தியம்மா காலை வைத்துவிட்டார். விசில் ஊதினார், "கிச்சன்! கிச்சன்!"

"வீட்ல கிச்சனுக்குப் போகலன்னா திட்டு, இங்க போனா திட்டு" என்றார் சம்பந்தியம்மா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன வருடம் இதையேதான் நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும் ஜெயம். முழங்கை வலி. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

ஜெயித்துவிட்டேன். பதினொன்றுக்கு ஆறு. இடம் எனக்கு.

இப்படி எழுத வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தேன். எழுதியாயிற்று. மீதியையும் எழுதுகிறேன்.

எட்டுக்கு ஆறு என்று இருக்கும்போது சம்பந்தியம்மா பந்தை உயரமாகத் தூக்கிவிட்டார். அவர் வலைக்குப் பக்கத்தில். ஓங்கி அடித்தேன் — ஓங்கிகூட இல்லை, எப்போதும் அடிக்கிற அடிதான். பந்து போனதை நானே பார்க்கவில்லை. அவர் இடது கண்ணுக்குக் கீழே பட்டது. மட்டையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருமகள் வெளியிலிருந்து "அம்மா!" என்று ஓடி வந்தாள். ஒரு கணம் என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

ஐஸ் வைத்தோம். கன்னம் கண் முன்னால் பொங்கி வந்தது. போதும், நிறுத்திவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்தான் கேட்கவில்லை. "இன்னும் மூணு பாயின்ட்தானே, எடுத்துக்கட்டும்" என்று ஒற்றைக் கண்ணோடு நின்றார். நானும் எடுத்துக்கொண்டேன்.

விட்டுக் கொடுத்திருக்க வேண்டுமோ? எதற்கு? ஆட்டம் என்றால் ஆட்டம்.

"என்னா கை மேடம் உங்களுக்கு!" என்றார் விசில். அதற்கு மட்டும் ஏன் எனக்குச் சந்தோஷம் வரவில்லை?

மார்ச் 16, ஞாயிறு

கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கதை வேறு என்றும் சொன்னாராம். இதை மகன்தான் சொன்னான். மருமகள் காபி டம்ளரை மேஜையில் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

மார்ச் 17, திங்கள்

வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் சாப்பாட்டு மேஜை மேல் மட்டையைக் கிடத்தி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மைக்கா ஒட்டிய பலகையை அப்படித்தான் தட்டுவோம், மூலையிலிருந்து மூலைக்கு. பசை பிடித்த இடம் கெட்டியாகச் சொல்லும். பிடிக்காத இடம் பொக்கென்று சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரியாது. காதுதான்.

நடுவில், பந்து படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பொக்கு.

மேல்தகடு, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிற கூட்டை விட்டுப் பிரிந்துவிட்டது. பிரிந்த தகடு பந்தை வாங்கி உதைக்கிறது, கட்டில் ஸ்பிரிங் மாதிரி. இப்படி ஆன மட்டையை வைத்து ஆடக் கூடாது என்பது விதி. விசில் கிளப் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளில் அதுவும் ஒன்று. எல்லா விதியையும் நானேதான் படித்துப் படித்துக் கற்றேன்.

அப்படியானால் டீச்சரைத் திணறடித்தது?

பதினொன்றுக்கு ஆறு?

இத்தனை வருஷம் இந்தக் காதை வெச்சு எத்தனை பலகையைத் திருப்பி அனுப்பியிருக்கேன். என் கையில இருக்கறது கேக்கலையா எனக்கு? கேட்டுச்சு. நல்ல சத்தம்னு நினைச்சுக்கிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஒட்டினால் ஒட்டும். எத்தனை ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

நேற்று ராத்திரி ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, சிரிஞ்சில் பசை ஏற்றி, மேலே பலகை வைத்து, அதன் மேல் கேஸ் சிலிண்டரை ஏற்றி வைத்தேன். மருமகள் பார்த்தாள். காலையில் எடுத்தேன். பொக்கு போய்விட்டது. சுவரில் பந்தடித்துப் பார்த்தேன். செங்கல்லால் அடிக்கிற மாதிரி பந்து செத்து விழுந்தது. பசை வைத்துச் சரிசெய்த மட்டையும் விதிப்படி செல்லாது. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஒட்டினேன்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். ஆட்டம் தொடங்கும் முன், எல்லாரும் இருக்கும்போது. சம்பந்தியம்மா கறுப்புக் கண்ணாடியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விசிலுக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. "யாரும் புகார் குடுக்கலையே மேடம். பேரை எழுதி அனுப்பியாச்சு. புதுசா ஒண்ணு வாங்கிக்கங்க, அப்படியே விட்டுடலாம்."

"விட முடியாது. அந்த ஆட்டம் செல்லாது. மறுபடி ஆடணும்."

"அப்ப என் மூஞ்சியில அடிச்சது நீங்க இல்ல, உங்க மட்டைதானா?" என்றார் சம்பந்தியம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

"நான்தான்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி மட்டையில் ஆட வேண்டும், அப்போதுதான் யார் கை என்று தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவரிடம் இருப்பது ரோஸ் மட்டை. அதே மாதிரி இன்னொன்று எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தாரோ என்னவோ.

சாயங்காலம் மருமகள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "தெரிஞ்சேதான் ஆடினீங்களா அத்தை?"

மட்டை பிரிந்திருந்தது தெரியாது. அப்படிச் சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை.

"சத்தம் மாறினது தெரியும்" என்றேன். "ஏன்னு பாக்கல. ஜெயிச்சிட்டிருந்தேன்."

அவள் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "எங்கம்மாகிட்ட இதச் சொல்லுங்க" என்றாள். ஃபோன் போட்டுச் சொன்னேன். "நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன் சம்பந்தி. ஆனா நான் சொல்லியிருக்கவும் மாட்டேன்" என்றார்.

மார்ச் 22, சனி

பெட்டியை எடுத்தேன். மூன்றாம் தேதி எழுதியதை அடிக்கப் போவதில்லை; அது அப்படியே இருக்கட்டும்.

பிடித்துப் பார்த்தால் பிடி மெல்லிசாக இல்லை. கையில் நிறைந்து உட்கார்ந்தது. மேலே சுற்றிய டேப்புக்கு உள்ளே இன்னும் இரண்டு சுற்று. சம்பந்தியம்மாவின் மட்டையில் இது கிடையாது.

மகன் வாசல்படியில் நின்றான். "கடைக்காரர் அப்படியெல்லாம் சுத்தித் தர மாட்டேன்னார். நானேதான் சுத்தினேன்."

"அதான் முனை பிரிஞ்சு நிக்குது" என்றேன்.

முனையை மட்டும் சரியாக வெட்டி ஒட்டினேன். மற்றதைத் தொடவில்லை.

மார்ச் 29, சனி

ஆடும் முன் இரண்டு மட்டையையும் எல்லார் முன்னாலும் தட்டினேன். இரண்டும் கெட்டி. என் பிடியில் கூடுதல் சுற்று இருப்பதையும் சொன்னேன். "பிடியில என்ன இருக்கு, ஆடுங்க" என்றார் டீச்சர்.

தோற்றேன். ஒன்பதுக்குப் பதினொன்று. கடைசிப் பந்து வலையின் மேல் விளிம்பைத் தொட்டு என் பக்கம் விழுந்தது. அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு விதி இல்லை. சம்பந்தியம்மா நன்றாகவே ஆடினார். ஓங்கி அடிக்க வேண்டிய இடத்தில் மெதுவாக வைத்தார், என்னை முன்னும் பின்னும் ஓடவிட்டார். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முழங்கை வலிக்கவில்லை. மகன் கேட்டால் லேசாக வலிக்கிறது என்றுதான் சொல்வேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நாளைக்குப் போட்டி. சம்பந்தியம்மா மகளைப் பார்க்க வந்தவர், நேராக என் அறைக்கு வந்து மட்டையைக் கட்டில் மேல் வைத்தார்.

"கொஞ்சம் தட்டிப் பாருங்களேன். நாளைக்கு அங்க யாராவது ஏதாவது சொல்லிட்டா?"

தட்டினேன். மேல் மூலையிலிருந்து நடுவரை கெட்டி. பிடிக்குப் பக்கத்தில், இடது ஓரம் — இன்னொரு முறை தட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சத்தம் தெரியாது. விசிலுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான்.

"பொக்கு" என்றேன்.

"போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"எங்க வெச்சீங்க?"

"கார்லதான். டிக்கியில."

"வெயில்ல! அறிவிருக்கா சம்பந்தி? பசை என்ன இரும்பா?" கத்திவிட்டேன். மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப என்ன பண்றது?" கடைசி நேரத்தில் பழகாத மட்டையை வாங்கி ஆட முடியாது. அவர் கை அந்த ரோஸ் மட்டைக்குத்தான் பழகியிருக்கிறது. "நீங்களே டீச்சரோட போயிடுங்க" என்றார். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். நான் ஒரு நிமிஷம் பதில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

பிறகு என் மட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தார். விரல்கள் சுற்றி எட்டவில்லை. சின்னக் கை அவருக்கு.

வாங்கி, முனையைப் பிரித்து, மேல் டேப்பை எடுத்தேன். உள்ளே இருந்த இரண்டு சுற்றையும் உருவினேன். கிழியாமல், மெதுவாக. மகன் கூடத்தில்தான் இருந்தான். பார்த்துக்கொண்டிருந்தான். மேல் டேப்பை மறுபடி இறுக்கிச் சுற்றி, முனையை வெட்டி ஒட்டி, மூலையிலிருந்து மூலைக்குத் தட்டிக் காட்டிக் கொடுத்தேன்.

"அப்ப உங்களுக்கு?"

"கடை எங்கயும் ஓடிடாது."

அவர் போன பிறகு, உருவிய டேப்பைப் பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி சுருட்டி மேஜை டிராயரில் வைத்தேன். புது மட்டை எதை வாங்கினாலும், பிடிக்கு அடியில் இதைத்தான் சுற்றுவேன்.